பூச்சி இல்லை என்று ஒரு ரிப்போர்ட்

எஸ்டேட் லைன், கரடியூர் வழி
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு, மலர் எழுதுகிறேன்.

ஓசூரில் நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அவரும் பாப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். மழைதான் விட்டபாடில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும். அங்கே எந்நேரமும் நாலு பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். நான் சொல்லப்போவதை அவர்கள் முன்னால் கத்திப் பேச முடியாது. அதோடு போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு இடமே கிடைக்காது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தை மாதத்திலிருந்தே எனக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். காப்பிப் பழத்தைக் கிள்ள முடியவில்லை. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து படை வந்தது. வெயில் பட்டால் எரிந்தது. போன மாதம் கால் வீங்கியதும் அவர் பயந்துபோய், காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். தொற்று நோய் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம். நர்ஸ் ஒருத்தி எனக்குப் புரிகிற மாதிரி, "காவலுக்கு வெச்ச நாய் ஊட்டுக்காரங்களையே கடிக்குதுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த நாயை அடக்க ஸ்டீராய்டு என்று பெரிய மருந்து தர வேண்டுமாம். அதற்கு முன்னால் ரத்தம், சிறுநீர் என்று எல்லா டெஸ்டும் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தாயிற்று. நீ கவலைப்படாதே.

பாப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை,
மலர்

—

ஓசூர்
14 ஜூலை 2024

மலருக்கு, அக்கா எழுதுவது.

மாமாவுக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. எனக்கு உன் கடிதத்தைப் படித்ததில் ரத்தக் கொதிப்பு வந்திருக்கிறது. மற்றபடி நலம்.

தையில் ஆரம்பித்த வலியை ஆனி மாதம் சொல்கிறாயே, நீ என்ன ஜென்மம்? சின்ன வயதில் காலில் முள் ஏறினால்கூட நொண்டி நொண்டி நடந்தே சாயந்தரம்வரை ஓட்டுவாய். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் எல்லாருக்கும் தொந்தரவு தருகிறார்கள். எழுதி வைத்துக்கொள்.

என்ன டெஸ்ட் என்று விவரம் எழுதவில்லை. "எல்லாம்" என்பது ஒரு டெஸ்டின் பெயரா? ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஜெராக்ஸ் கேட்டு வாங்கு. கொடுக்க மாட்டேன் என்றால் என் பெயரைச் சொல்லு. எங்கள் சட்டைக் கம்பெனியில் பெண்களுக்கு உட்கார நாற்காலி வந்தது யார் எழுதிய மனுவால் என்று உனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை விளக்கு எரிவதும் என் மனுவால்தான். அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒன்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சசிரேகா

—

எஸ்டேட் லைன்
19 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

மாமாவின் சர்க்கரை இதே மாதிரி அடங்கியிருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் நலம், நானும்தான். இந்த வரியை ஏழு மாதம் கழித்துப் பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

மூன்று நாள் டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். பிறகு மாத்திரை. பத்தே நாளில் படை மறைந்தது. விரல் மடங்குகிறது. நேற்று பாப்பாவுக்கு நானே இரட்டைச் சடை போட்டேன், அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

டெஸ்ட் விவரம் கேட்டிருந்தாய். ரத்தத்தில் நாலைந்து, சிறுநீரில் புரதம், பிறகு மலத்தில் பூச்சி. டாக்டரம்மா, "காப்பித் தோட்டத்துல செருப்பில்லாமத்தானே நடக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த டெஸ்டை எழுதினார். பூச்சி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. எஸ்டேட்டிலும் வருஷா வருஷம் பார்க்கிறார்கள், எங்கள் லைனில் ஒருத்தருக்கும் கிடையாது. ஆபீசில் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

மிளகுக் கொடி இந்த வருஷம் நன்றாக ஏறியிருக்கிறது. உனக்கு ஒரு படி எடுத்து வைக்கிறேன்.

மலர்

—

ஓசூர்
27 ஆகஸ்ட் 2024

மலரு,

உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இரட்டைச் சடை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இருவரும் நலம் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்.

ஆனால் ஒன்று. செருப்பில்லாமல் நடக்கிறாயா என்று டாக்டர் கேட்கிறாள், எஸ்டேட்காரன் கேட்டானா? அட்டை கடிக்கும், முள் குத்தும், பன்னிரண்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. எல்லாரும் செடிக்குள் ஒதுங்கி, அதே மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்கிறீர்கள். அப்படியும் பூச்சி வரவில்லை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதற்குச் சர்டிபிகேட் வாங்கி மாட்டிக்கொள்ள அவனுக்கு என்ன யோக்கியதை?

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் ரப்பர் பூட்ஸ் பார்சல் அனுப்பியிருக்கிறேன். அழகாக இல்லை என்று மூலையில் போடாதே.

சசிரேகா

—

எஸ்டேட் லைன்
18 அக்டோபர் 2024

அக்கா,

நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? பூட்ஸ் வந்தது. பாப்பாவுக்குச் சரியாக இருக்கிறது.

எனக்குத்தான் மறுபடி முடியவில்லை. மூன்று வாரமாக வயிற்று வலி, வாந்தி. சாப்பிட்டது தங்குவதில்லை. இப்போது இருமலும் சேர்ந்திருக்கிறது. வயிற்றின் மேல் நகத்தால் கீறினாற்போலச் சிவப்புக் கோடுகள். காலையில் ஒரு இடத்தில் இருப்பது மதியம் நாலு விரல் தள்ளி இருக்கிறது. அவர் நம்பவில்லை. பேனாவால் பக்கத்தில் புள்ளி வைத்துக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் லூபஸ்தான் திரும்ப ஏறுகிறது என்று மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். டாக்டரம்மா லீவு. வேறு ஒரு டாக்டர் பைலைப் புரட்டி, பூச்சி இல்லை என்றுதான் ரிப்போர்ட் இருக்கிறதே என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. நீ வரும்போது நேரில் சொல்கிறேன். சீக்கிரம் வந்தால் நல்லது.

மலர்

—

ஓசூர்
1 டிசம்பர் 2024

என் மலருக்கு,

நீ கண் விழித்து, கஞ்சி குடித்து, வீட்டுக்கும் போய்விட்டாய். இப்போது எனக்கு மூச்சு வருகிறது. மாமா நலம். நான் கம்பெனியில் மறுபடி சேர்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் சேலத்தில் அந்த ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு வாயில் குழாய். ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது என்ன என்று சொல்லாமலே போய்விடுவாயோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னும் அதைச் சொல்லவில்லை. பாப்பா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் சளியை எடுத்துப் பார்த்தபோது அதில் பூச்சி நெளிந்ததாம், உயிரோடு. லீவிலிருந்து திரும்பிய டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னாள். அது கண்ணுக்குத் தெரிகிற பூச்சி இல்லை. மண்ணிலிருந்து உள்ளங்கால் தோல் வழியாக ஏறுவது. உள்ளேயே குஞ்சு பொரித்து, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். உடம்பின் காவல் அதை ஓரளவுக்கு அடக்கி வைத்திருக்கும். லூபசுக்காக அந்தக் காவலையே மருந்து கொடுத்துத் தூங்க வைத்ததும் அது நுரையீரல்வரை புகுந்துவிட்டது. மருந்தைக் கூட்டக் கூட்ட அதற்குக் கொண்டாட்டம். முன்னாலேயே தெரிந்திருந்தால் இரண்டு நாள் மாத்திரையில் முடிந்திருக்குமாம். இரண்டு நாள், மலரு!

அப்புறம் சும்மா இருப்பேனா? லேப் ஜன்னலுக்குப் போனேன். ஜாபெஸ் என்று ஒரு டெக்னீஷியன்.

"ஏப்பா, மலர்ங்கிற பேருக்குப் பூச்சி இல்லைன்னு எழுதுனது நீதானா?"

"ஆமாங்க்கா. நான் பாத்த சாம்பிள்ல இல்லீங்க. மலை ஆளு, நல்லாப் பாருன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மூணு தடவ பாத்தனுங்க."

"அப்ப அவ நெஞ்சுக்குள்ள நெளியறது என்ன, சேமியாவா?"

தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ளவன் வேறு என்ன செய்வான்?

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் மாவட்டச் சுகாதார ஆபீசுக்கும் கலெக்டருக்கும் மனு அனுப்பியிருக்கிறேன். நாலு பக்கம். அவன் பெயரைத் தெளிவாகப் போட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ரிப்போர்ட் எழுதுகிறவனை அந்த நாற்காலியில் இன்னும் ஒரு நாள்கூட உட்காரவிட மாட்டேன்.

கஞ்சியில் உப்புக் குறைத்துக் குடி. உனக்காகச் சண்டை போட நான் இருக்கிறேன்.

அக்கா

—

எஸ்டேட் லைன்
20 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

மாமாவையும் உன்னையும் பன்னிரண்டு நாள் அலைய வைத்துவிட்டேன். இப்போது வயிறு சரியாகிவிட்டது. பூச்சிக்கான மாத்திரையை டெஸ்டில் சுத்தமாக வரும்வரை கொடுத்தார்கள். லூபஸ் மருந்தைக் குறைத்து, கவனமாகத் தருகிறார்கள். லைனில் எல்லாரும் பழம் பறிக்கப் போகிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அக்கா, அந்த ஜாபெசை விட்டுவிடு. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். அவர் பாவம். நான்தான் பிழைத்துவிட்டேனே.

காரணம் கேட்காதே. எனக்காகச் செய்.

மலர்

—

ஓசூர்
3 ஜனவரி 2025

மலரு,

புது வருஷம் உனக்காவது நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். நாங்கள் நலம்.

காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? உன் மகள் அம்மா இல்லாத பிள்ளை ஆக இருந்தாள். ஆக்கப் பார்த்தவன் பாவமா? உன்னைப் போல "விடு, போகட்டும்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஏழை உயிர் என்றால் எப்படிப் பார்த்தாலும் சரி என்று ஆகிவிட்டது. நீ விடு. நான் விட மாட்டேன். நாளைக்கு இன்னொரு மலர் அதே ஜன்னலில் டப்பாவைக் கொடுப்பாள் இல்லையா?

இப்போது கேள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. "தங்கள் புகாரின் பேரில் விசாரணை நடத்தப்பட்டு, சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்." என் மனு, அவர்கள் பதில் இரண்டுக்கும் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், பார். மாமா பால்கோவா வாங்கி வந்தார். உன் பங்கையும் நானே தின்றேன்.

சந்தோஷமாக ஒரு வரி எழுது.

சசிரேகா

—

எஸ்டேட் லைன்
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. நீ நாலு தடவை அவருடைய போனில் கூப்பிட்டதும் தெரியும். தொட்டிப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

அந்த டப்பாவில் இருந்தது என்னுடையது இல்லை. பாப்பாவுடையது.

ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்த வழக்கம் இது, உனக்குத் தெரியாது. எட்டு வருஷம் முன்னால் எஸ்டேட்டில் முதல்முதலாகப் பூச்சி டெஸ்ட் வைத்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாரும் நிற்கும்போது, வேலைக் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேரைப் படித்தார். "காமாட்சி, பூச்சி. இந்த வாரம் வேலைக்கு வர வேண்டாம்." ஆண்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் லைன் பொங்கல் வைத்தபோது காமாட்சியை அடுப்புப் பக்கம் விடவில்லை. பூச்சிக்காரி என்று பேரே ஆகிவிட்டது. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட யாரோ சொன்னார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து லைனில் ஒருத்தியும் தன்னுடையதைக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை சாப்பிடுகிறார்கள், அவர்களுடையது சுத்தமாக இருக்கும் என்று, எல்லா டப்பாவிலும் பிள்ளைகளுடையதுதான் போகும். பிள்ளை இல்லாதவள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவாள். டப்பாவை வாங்குகிற எஸ்டேட் கம்பவுண்டருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஏழு வருஷமாக ஒருத்தருக்கும் இல்லை என்று வருகிறது. அந்தச் சர்டிபிகேட் அப்படி வந்தது.

சேலத்தில் டப்பாவைக் கொடுத்து நாளைக் காலை கொண்டு வாங்க என்றார்கள். இந்த மருந்துக்கு முன்னால் பூச்சியை எதற்குப் பார்க்கிறார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. காலையில் என் கை தானாகப் பாப்பாவுடையதை எடுத்தது. யோசிக்கவே இல்லை அக்கா. வயிற்றில் கோடு வந்த அன்றுதான் யோசித்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ரிப்போர்ட் இருக்கிறதே என்று அந்த டாக்டர் சொன்னபோது, பொய்க்காரி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாரோ என்று பேசாமல் இருந்தேன். சாகவும் துணிந்தேன், அதைச் சொல்லத் துணியவில்லை.

போன வாரம் நர்சிடம் விசாரித்து, ஜாபெஸ் ஊரான குப்பனூருக்கு நானும் அவரும் பஸ்ஸில் போனோம். டயர் கடை ஒன்றில் வேலை செய்கிறார். வேறு லேபில் சேர்க்கவில்லை, நீக்கிய காரணம் கேட்கிறார்களாம். கை முழுக்கக் கரி. நான் சொல்லச் சொல்ல ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"டாக்டர்கிட்டப் போயி கண்ணைக்கூட டெஸ்ட் பண்ணிட்டனுங்க. எனக்கே சந்தேகமாயிருச்சு. இவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கறமே, இத்தன வருசத்துல இன்னும் எத்தன பேரை இப்படி விட்டமோன்னு." கரிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முப்பத்தெட்டு வயதில் உண்மை சொல்ல அக்காவிடம் அனுமதி கேட்கிறேன் என்று ஜாபெஸ் முகத்தைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

மலர்

—

ஓசூர்
28 பிப்ரவரி 2025

மலர்,

மாமா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பாவி. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. இரண்டாவது தடவை ரைட்டரை. மூன்றாவது தடவை என்னை. பால்கோவா தின்றேனே, அது இப்போது நெஞ்சில் நிற்கிறது.

ஆனாலும் ஆத்திரப்படாமல் யோசி. நீ எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்காரன் எல்லாப் பழியையும் உன் தலையில் போட்டுக் கையைக் கழுவுவான். எஸ்டேட்காரன் ஏமாற்றிவிட்டாள் என்று வீட்டைக் காலி செய்யச் சொல்வான். லைனில் பன்னிரண்டு வீட்டுப் பெண்களின் விஷயமும் வெளியே வரும், ஒருத்தியும் உன்னோடு பேச மாட்டாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நீ எங்கே போவாய்?

அந்தத் தம்பிக்கு நான் இங்கே ஓசூரில் வேறு வேலை பார்க்கிறேன். கம்பெனியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீ எழுதாதே. நான் சொல்வதைக் கேள் கண்ணு.

அக்கா

—

எஸ்டேட் லைன்
26 மே 2025

அக்காவுக்கு,

மூன்று மாதம் ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் சுகம்தானே? திருவிழா முடிந்தது. நான் கோயில் மலைக்கு ஏறவில்லை, வெயில் ஆகாது. உடம்பு பரவாயில்லை.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இதுவரை யார் மேலும் வந்ததில்லை. நாளைக்கு இன்னொரு மலர் வருவாள் என்று எழுதினது நீ. உன் தங்கை என்றதும் அந்த மலர் எங்கே போனாள்? ஜாபெஸ் வீட்டில் அவருக்கும் ஒரு அக்கா இருக்கிறாள், தெரியுமா? மூன்று தடவை பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதினவருக்கு உன் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலையா? மனு எழுதுவது எப்படி என்று உன்னிடம் கேட்கவில்லை. உன் ஜெராக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதுதான் நகல்:

"ஐயா, நான் மலர், கணவர் பெயர் சத்யராஜ். சென்ற ஆண்டு ஜூலையில் என் பெயரில் கொடுத்த மலம் என் மகளுடையது. அதில் பூச்சி இல்லை என்று திரு. ஜாபெஸ் எழுதியது முழுக்கச் சரி. தவறு என்னுடையது. அதைச் செய்ய என்னைப் பழக்கியது, நோயாளியின் பெயரை ஊர் கேட்கப் படிக்கிற வழக்கம். எதற்காக இந்த டெஸ்ட் என்று உங்கள் ஆஸ்பத்திரி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். ஒருவரை வேலையைவிட்டு நீக்கும் முன் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "உங்களுதையே குடுத்திருந்தாலும் ஒரே தடவையில தெரியாமப் போயிருக்கலாம்மா. மூணு நாள் பாத்திருக்கணும். இல்ல, தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சதுமே பூச்சி மாத்திரையைக் குடுத்துட்டு ஆரம்பிச்சிருக்கணும். அது எங்க தப்பு" என்றார். அந்தத் தப்புக்கு யாரை நீக்கினார்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எஸ்டேட்டில் மேனேஜர் கூப்பிட்டார். "நீங்க எல்லாம் சேந்து பொய் சொன்னா எஸ்டேட் என்ன பண்ணும்?" என்றார்.

"பேரைப் படிச்சது யாருங்க? கக்கூசுக்குக் கதவு வெக்காதது யாருங்க? நீங்க ஒரு நாளு செடிக்குள்ள வெறுங்காலோட ஒதுங்கிட்டு வந்து பேசுங்க" என்றேன். என் குரல்தான் அது, அக்கா. வெளியே நின்ற அவருக்கே கேட்டதாம். வீட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லலாம். பயமாகத்தான் இருக்கிறது.

லைனில் நீ சொன்ன மாதிரியே ஆனது. ஒருத்தியும் பேசவில்லை. தொட்டியில் காமாட்சி என் குடத்தை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். நாலு நாள் கழித்து அவளே வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

"மலரு, உனக்கு வந்த கோடு இப்படித்தான் இருந்துச்சா? எனக்கு வீசிங்குக்கு டவுன்ல ஒரு மாத்திரை தர்றாங்க. அங்க நர்சு அது ஸ்டீராய்டுன்னு சொல்லுது, உனக்குக் குடுத்ததேதான். நொம்ப பயமா இருக்குது."

நான் அன்றைக்கே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் தன்னுடையதையே கொடுத்தாள், தன் பெயரில். பூச்சி இருந்தது. மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டாள். நான் உன் பேச்சைக் கேட்டிருந்தால் காமாட்சி அந்தக் கோட்டை யாரிடம் காட்டியிருப்பாள்?

ஜாபெசுக்கு இன்னும் பதில் வரவில்லை. உன் மனு அங்கே பைலில் இருக்கிறதாம். புகார் கொடுத்தவரும் எழுத வேண்டுமாம்.

இனி உன் முறை.

மலர்

—

ஓசூர்
22 ஜூன் 2025

மலருக்கு,

மாமா சுகம். நானும் சுகம் என்று எழுத உரிமை உண்டா என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாளே எழுதிவிட்டேன். வழக்கமாக என் மனுவில் "யார் மீது புகார்" என்ற இடம் வந்ததும் எனக்குக் கை வேகமாக ஓடும். இந்த முறை அந்த இடத்தில் சசிரேகா என்று எழுதினேன். விசாரிக்காமல் ஒருவர் பெயரைப் போட்டேன், அவர் சொன்னதை நின்று கேட்கவில்லை என்று ஒன்றரைப் பக்கம். தபாலில் போடாமல் நானே சேலத்துக்குக் கொண்டுபோனேன். நிர்வாகத்தில் இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, "சரிங்க, பாத்துக்கறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்று நாள் டெஸ்ட் எழுதாத டாக்டர் அங்கேயே இருக்கிறாள். பைலைப் புரட்டிவிட்டு மாத்திரையைக் கூட்டினவரும் இருக்கிறார். நான் ஆஸ்பத்திரி மேல் இருந்த கோபத்தில் ஒரு பெயரைப் போட்டேன், அதுதான் சாக்கு என்று அவர்கள் இருப்பதிலேயே கீழே உட்கார்ந்திருந்தவனைப் பிடித்து என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நானும் பால்கோவா தின்றேன்.

பத்து நாளில் ஜாபெசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நேற்று அவனைப் பார்க்கப் போனேன். அதே ஜன்னல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தம்பி, நான் பண்ணுனது பெரிய தப்பு" என்றேன்.

பரவாயில்லைங்க்கா என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் ஓசூரிலிருந்து போயிருந்தேன் என்று அவன் சொல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"வேலை குடுத்துட்டாங்கங்க்கா" என்றான். "ஆனா இப்ப நான் பாக்கற ஒவ்வொரு சாம்பிளையும் இன்னொருத்தரு பாத்துக் கையெழுத்துப் போடணும்னு வெச்சிட்டாங்க. எனக்கு மட்டுந்தானுங்க. மத்தவங்களுக்கு இல்லீங்க."

"ஏன்? அதான் உன் மேல தப்பில்லைன்னு ஆயிருச்சே!"

"ஒரு தடவ மனு வந்த ஆளுன்னு சொல்றாங்க."

உனக்குத் தெரியும், இந்த மாதிரி ஒன்றைக் கேட்டால் நான் அங்கேயே பேனாவைத் திறப்பேன். பையில் கையும் விட்டேன். அவன் பார்த்துவிட்டான்.

"வேண்டாங்க்கா. எனக்காக இனிமே எதுவும் எழுதாதீங்க" என்றான்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஆள் நின்றது. நகர்ந்து நின்றேன். அவன் அடுத்தவரிடம் டப்பாவை வாங்கி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே போனான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சசிரேகா